மதிலுக்கு வெளியே ஒரு பைப்

இருபது லீற்றர் கேன் ஒன்று நிரம்ப ஒரு நிமிடம் ஐம்பது செக்கன் எடுக்கிறது. இன்று காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் கோவில் மதிலுக்கு வெளியே, வீதியோரம் நின்று மணிக்கூட்டைப் பார்த்து அளந்தேன். "என்ன தம்பி, தண்ணிக்கு நேரம் பார்க்கிறீங்க, இது என்ன பஸ்ஸா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு அது 2024 ஆகஸ்டிலிருந்து காத்திருந்த கணக்கு.

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் போனால் வரும் சின்னக் கத்தோலிக்கப் பங்கு எங்களுடையது. அங்கே ஏழைகளுக்கு உதவும் வின்சன் டி போல் சபைக்கு நான் பொருளாளர். மேசன் வேலையும் தெரியாது, குழாய் வேலையும் தெரியாது. கணக்கு எழுதத் தெரியும். அதனால் இந்தப் பதிவில் ரூபாவும் அங்குலமும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

எங்கள் பக்கம் கிணற்றுக்குக் குறைவில்லை. கடல் கிட்ட இருப்பதால் ஆனி, ஆடியில் நீர்மட்டம் இறங்க இறங்க உவர் ஏறும். தேத்தண்ணியே உப்புக் கரிக்கும். வீதியால் குழாய்த் தண்ணீர் போகிறதுதான். இணைப்பு எடுத்தவர்களுக்குக் கவலையில்லை. எடுக்க வசதி இல்லாததும் பில் கட்டாமல் வெட்டுப்பட்டதுமாக எங்கள் கோவிலைச் சுற்றி இருபது வீடு தேறும். அவர்கள் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். 20 லீற்றர் 60 ரூபா. லீற்றர் கணக்கில் பார்த்தால் இணைப்பு உள்ளவரை விட இல்லாதவர்தான் பல மடங்கு கூடக் கொடுக்கிறார்.

2024 தவக்காலத்தில் பங்குத்தந்தை இதைப் பிடித்துக்கொண்டார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடலைச் சுவாமி ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாக விளக்கினார். அதில் குடிநீர் மனிதனின் அடிப்படை உரிமை என்று சொல்லும் இடம் வந்த அன்று, பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "மண்டபக் கூரையில விழுற மழை எங்க போகுது?" என்றார். வடிகானுக்குள் போகிறது, சுவாமி. "அப்ப அதைப் பிடிக்கேலாதா?"

பிடிக்கலாம் என்று சொன்னது நான். வாய்தான்.

கூரைக் கணக்கு சுலபம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். மண்டபத்தின் ஒரு பக்கக் கூரை 12 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், ஆக 60 சதுர மீற்றர். ஒரு அங்குல மழைக்கு 1,500 லீற்றர். சிந்துவது, காய்வது போக 1,250 கைக்கு வரும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையேறியபோது மண்டபத்து ஓடுகள் கலைந்து, பிறகு தகரம் போட்டிருந்தோம். அது இப்போது உதவியது. கோவில் கூரை பெரிது, ஆனால் அஸ்பெஸ்டஸ். குடிக்கிற தண்ணீருக்கு அதைத் தொடுவதில்லை என்று முதலே முடிவு.

தாங்கிக்கு ஒரு ஹாட்வெயாரில் விலை கேட்டேன். 5,000 லீற்றர் கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கி 82,000 ரூபா என்றார்கள். கம்பியும் கோழிவலையும் வைத்துச் சீமெந்து பூசிக் கட்டினால் பாதிக் காசில் முடியும் என்று கூட்டத்தில் சொன்னேன். சிரமதானமாகச் செய்யலாம், மேசன் கூலி மட்டும்தான் என்றும் சொன்னேன். இதை ஞாபகம் வைத்திருங்கள், கடைசியில் கணக்குக் காட்டுகிறேன்.

மேசன் கிண்ணியாவிலிருந்து வந்த நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இப்படித்தான் கூப்பிடுவோம்). இந்த மாதிரித் தாங்கி முன்பு நாலைந்து கட்டியவர். விட்டம் 2 மீற்றர், உயரம் 1.6 மீற்றர், கணக்குப்படி 5,000 லீற்றர் சரியாக வரும். ஆகஸ்ட் 3ஆம் திகதி சனிக்கிழமை அடித்தளம் போட்டோம். நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரம் போதும் என்று நான்தான் சொன்னேன், சல்லியும் சீமெந்தும் மிச்சம் என்று. நானா என்னை ஒருதரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையின் அர்த்தம் அக்டோபரில்தான் விளங்கியது.

கிழமை நாட்களில் கூடு கட்டினோம். 6 மில்லிமீற்றர் கம்பி, நிமிர்ந்தபடி 15 சென்ரிமீற்றருக்கு ஒன்று, சுற்றிவர 20 சென்ரிமீற்றருக்கு ஒரு வளையம். உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று கோழிவலை. வலையைக் கம்பியோடு கட்டுகிற வேலைக்கு முடிவே இல்லை. குறடும் கட்டுக்கம்பியுமாக, மரியாயின் சேனை என்ற எங்கள் செபக்குழுப் பெண்கள் ஆறு பேர் இரண்டு பின்னேரம் இருந்து கட்டினார்கள். செபமாலை சொல்லிக்கொண்டு கட்டியதால் ஒரு மணிக்கு ஒரு முடிச்சுத் தப்பியது என்று அவர்களே பகிடி விட்டார்கள். உண்மையில் அவர்கள் கட்டிய பக்கம்தான் இன்றைக்கும் கீறல் இல்லாமல் நிற்கிறது.

கடற்கரை மணல் சும்மா கிடக்கிறதே, ஏன் காசு கொடுத்து ஆற்றுமணல் என்று ஒருவர் கேட்டார். உப்பு கம்பியைத் தின்றுவிடும் என்று நானா அங்கேயே நிறுத்திவிட்டார். அரைக் கியூப் ஆற்றுமணல், 11,000 ரூபா. சல்லடையில் அரித்து, மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு சீமெந்து. எவ்வளவு தண்ணீர் என்று நான் வாளிக் கணக்குக் கேட்டேன். நானாவிடம் வாளிக் கணக்கு இல்லை. ஒரு பிடி கலவையை எடுத்து என் கையில் வைத்து அமுக்கச் சொன்னார். "புட்டு மாவை விட ஈரம், இடியப்ப மாவை விட இறுக்கம். வெளங்குதா?" விளங்கியது. உள்ளங்கையில் விரல் அச்சு அப்படியே நின்றது, தண்ணீர் கசியவில்லை.

10ஆம் திகதி வெளிப்பூச்சு. வலைக்கு உட்பக்கம் பந்தல் தகரத்தை வளைத்து முட்டுக் கொடுத்து, வெளியே இருந்து பூசினோம். 12ஆம் திகதி தகரத்தை எடுத்துவிட்டு உட்பூச்சு. சுவர் மொத்தம் நாலு சென்ரிமீற்றர் தடிப்பு. செப்டெம்பர் முதலாம் திகதி படைப்புக்கான செபநாள். அன்றைக்கு ஆசீர்வதிக்க வேண்டும் என்று சுவாமி நாள் குறித்திருந்தார். நேரம் இருக்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

13ஆம் திகதி நாங்கள் மடுவுக்குப் போய்விட்டோம்.

ஆகஸ்ட் 15 மடு மாதா கோவில் திருவிழா. எங்கள் பங்கில் அந்த நாட்களில் வீட்டில் இருப்பவர்கள் நடக்க முடியாதவர்களும் கடலுக்குப் போனவர்களும்தான். பூச்சுக் காயாமல் தாங்கிக்குத் தண்ணீர் விடும் பொறுப்பை, பூசையில் உதவும் பீடப்பணிப் பொடியன்களிடம் நான் ஒப்படைத்திருந்தேன். பொடியன்கள் எனக்கு முன்னாலேயே பஸ்ஸில் இருந்தார்கள். வவுனியா தாண்டித்தான் கண்டேன்.

அந்த மூன்று நாளும் இங்கே கச்சான் காற்று (வறுத்துத் தின்கிற கச்சான் இல்லை, மேற்கால் வந்து ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போகிற காற்று). 16ஆம் திகதி வந்து பார்த்தபோது மேலே போட்டிருந்த சாக்கெல்லாம் வேலியில் கிடந்தது. சுவர் சாம்பல் நிறத்தில் வெளிறி, தலைமயிர் மாதிரிக் கீறல்கள். மேலிருந்து கீழே ஏழு. எண்ணினேன். அடியில், சுவரும் தரையும் சேருகிற மூலையில் ஒன்று, அது மயிர் இல்லை, நகம் போகும்.

நானாவுக்குப் போன் பண்ணினேன். "தண்ணி காட்டினீங்களா?" என்றார். இல்லை நானா, மடுவுக்குப் போயிட்டம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மாதா மன்னிப்பா, சீமெந்து மன்னிக்காது" என்றார்.

எவ்வளவு ஒழுகுகிறது என்று தெரியாமல் திருத்தக் கூடாது என்று 20 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு உட்சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். அடுத்த நாள் காலை 3 சென்ரிமீற்றர் கீழே. ஒரு இரவில் 94 லீற்றர். கீறல்களை உளியால் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வாய் விரிய வெட்டி, தூசியைக் கழுவி, ஈரமாகவே சீமெந்துக் களி அடைத்தோம். அடிமூலையில் மூன்று விரல் அகலத்துக்குச் சரிவாகப் பூச்சு. பிறகு நீர்த்தடைக் கலவை சேர்த்துத் தூரிகையால் உள்ளே இரண்டு தரம் சீமெந்துப் பால். இந்த முறை 14 நாள், காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று தரம் தண்ணீர். சாக்குக்கு மேலே பொலித்தீன், அதற்கு மேலே கயிறு. பெயர் போட்டு அட்டவணை எழுதிக் கோவில் கதவில் ஒட்டினேன். பொடியன்கள் ஒரு நாளும் தவறவில்லை. முதலே எழுதி ஒட்டியிருக்கலாம்.

செப்டெம்பர் 1 ஆசீர்வாதம் நடக்கவில்லை. அக்டோபர் 4, அசிசி பிரான்சிஸ் திருநாளன்று நடந்தது. இரண்டாம் முறை கோடு போட்டுப் பார்த்தபோது ஒரு நாளைக்கு 3 மில்லிமீற்றர். அதை வெயில் குடித்தது என்று எழுதி மூடிவிட்டேன்.

இடையில், கூரைத் தண்ணீரை ஏந்துகிற பீலி. 12 மீற்றருக்கு 6 சென்ரிமீற்றர் சரிவு வைத்தோம். கண்மட்டத்தை நம்பிப் பூட்டியதில் நடுவில் தண்ணீர் தேங்கி நின்றது. கழற்றி, தண்ணீர் நிரப்பிய ரியூப்பால் இரண்டு முனையும் மட்டம் பார்த்து, பீலியைப் பிடிக்கிற கொக்கிகளை ஒரு மீற்றருக்கு ஒன்றிலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நெருக்கிப் பூட்டியதும் சரி.

அப்புறம் முதல் மழைத் தண்ணீர். மாதக் கணக்கில் கூரையில் கிடந்த தூசி, புறா எச்சம், வேப்பிலை எல்லாம் முதல் மழையில்தான் வரும். அதைத் தாங்கிக்குப் போகாமல் தனியாகப் பிடிக்க வேண்டும். பீலியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு கிளை, கீழே மூடிய குழாய். அது நிரம்பிய பிறகுதான் தண்ணீர் தாங்கிக்குத் திரும்பும். வீட்டில் மிஞ்சிக் கிடந்த நாலு அங்குல எஸ்லோன் (பிளாஸ்டிக்) குழாயில் இரண்டு மீற்றர் போட்டேன். 16 லீற்றர்தான் பிடிக்கும். அக்டோபர் நடுவில் முதல் மழை வந்தது. தாங்கியைத் திறந்து பார்த்தால் பால் விடாத தேத்தண்ணி நிறம், மேலே ஒரு புறா இறகு. எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடுதல் வெட்கம்.

60 சதுர மீற்றருக்கு அரை மில்லிமீற்றர் கழுவவே 30 லீற்றர் வேண்டும். ஆறு அங்குலக் குழாய் ஒரு மீற்றருக்குப் பதினேழரை லீற்றர் கொள்ளும், 1.7 மீற்றர் போட்டேன். மேல்வாயை நாலு அங்குலத்துக்குக் குறுக்கி, உள்ளே திருவிழாக் கடையில் 150 ரூபாவுக்கு வாங்கிய பிளாஸ்டிக் பந்து, ஐந்து அங்குலம், சிவப்பில் வெள்ளைப் புள்ளி. குழாய் நிரம்ப நிரம்பப் பந்து மிதந்து மேலே வந்து வாயை அடைக்கும். அழுக்குத் தண்ணீர் கீழே, நல்ல தண்ணீர் தாங்கிக்கு. மழை விட்டபின் குழாய் தானாக வடிய அடிமூடியில் இரண்டு மில்லிமீற்றர் ஓட்டை துளைத்தேன். இரண்டாம் நாளே இலைத்தூள் அடைத்துக்கொண்டது. இப்போது அந்த இடத்தில் ஒரு பைப், சொட்டுச் சொட்டாக விழுகிற அளவுக்குத் திறந்தபடி. கிழமைக்கு ஒருதரம் முழுக்கத் திறந்து கழுவுகிறோம்.

புதுச் சீமெந்துத் தாங்கியின் முதல் நிரப்பைக் குடிக்கக் கொடுக்கவில்லை. நாக்கில் சுண்ணாம்பு மாதிரிக் கரித்தது. பத்து நாள் வைத்திருந்து முருங்கைக்கும் வாழைக்கும் விட்டோம்.

நவம்பர் கடைசியில் இரவு பகலாகப் பெய்தது. அப்போதுதான் அடுத்த தவறு தெரிந்தது. வரும் குழாய் நாலு அங்குலம், வழியும் குழாய் இரண்டு அங்குலம். ஒரு இரவு தண்ணீர் மூடியைத் தள்ளிக்கொண்டு நாலு பக்கமும் வழிந்து, அடித்தளத்தின் ஒரு ஓரத்து மணலை அரித்துவிட்டது. வழியும் குழாயையும் நாலு அங்குலமாக்கிக் கிணற்றடிக் குழியில் விட்டோம். வாயில் நுளம்பு வலை, இரட்டை மடிப்பு. பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து டோர்ச் அடித்துக் குடம்பி தேடினார். இல்லை. கொதிக்கவைத்தே குடிக்கச் சொல்லி எழுதி ஒட்டுங்கள் என்றார். ஒட்டினோம்.

ஆக டிசம்பர் முதலாம் கிழமை: தாங்கி நிரம்பி நிற்கிறது, தண்ணீர் பளிங்கு, ஒழுக்கு இல்லை. எடுக்க ஆள் இல்லை.

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள் ஒரு போத்தலில் பிடித்துக் குடித்துப் பார்த்து, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் வீட்டில் குழாய் இருக்கிறது. நாங்கள் கணக்குப் போட்ட இருபது வீட்டிலிருந்து வந்தது மூன்று பேர். நான் ஒழுங்கையால் நடந்து, கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவரிடம் நேரே கேட்டேன்.

"கேற் ஆறு மணிக்குப் பூட்டுறீங்க, தம்பி. நான் தோட்ட வேலையால வர ஏழு. விடியத் திறந்தா நீங்க எல்லாம் பூசையில நிக்கிறீங்க. நான் கோயிலுக்கு வாற ஆளும் இல்ல. குடத்தோட எப்பிடி நடுவுல நடந்து வாறது?" பிறகு இன்னொன்றும் சொன்னார். "அந்தப் பைப்புக்குக் குடம் கொள்ளாது."

போய்க் குடத்தை வைத்துப் பார்த்தேன். கொள்ளவில்லை. நான் மிச்சம் பிடித்த 15 சென்ரிமீற்றர் அடித்தளம், அதற்கு மேல் 10 சென்ரிமீற்றரில் பைப், மொத்தம் 25. ஆசீர்வாதத்துக்கு முன் இதை மறைக்கப் பைப்புக்குக் கீழே ஒரு அடிக் குழி வெட்டியிருந்தோம். மழையில் அந்தக் குழி சேற்றுத் தண்ணீர். நாலு மாதமாக அதன் பக்கத்தில் நின்று ரசீது எழுதிய எனக்கு இது தெரியவில்லை. ஒரு நாளும் நான் அதில் குடம் வைக்கவில்லை.

தாங்கியைத் தூக்க முடியாது. ஆனால் வீதி எங்கள் வளவை விட 45 சென்ரிமீற்றர் பள்ளம். ரியூப் மட்டம் பிடித்துப் பார்த்தபோது கைதட்ட வேண்டும் போலிருந்தது. தாங்கியிலிருந்து மதில் வரை 11 மீற்றர், ஒரு அங்குலக் குழாய், மண்ணுக்குக் கீழே ஒரு சாண். மதிலைத் துளைத்து வெளியே எடுத்தால், சரிவு போக வீதியிலிருந்து 65 சென்ரிமீற்றர் உயரத்தில் பைப். குடமும் கொள்ளும், கேனும் கொள்ளும். கேற்றுக்கும் வேலையில்லை.

பங்குச் சபைக் கூட்டத்தில் இதற்குத்தான் எல்லாவற்றையும் விட நேரம் போனது. வெளியே வைத்தால் லொறிக்காரன் கழுவுவான், ஓட்டல்காரன் பிடிப்பான், பட்டியல் போட்டு அட்டை கொடுப்போம் என்றார்கள். அட்டை வேண்டாம் என்று நான் நின்றேன். தண்ணீருக்கு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீதியில் நிற்கச் சொன்னால் அந்த ஆச்சி திரும்பவும் 60 ரூபாக் கேனுக்கே போவார். சுவாமி இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, பூட்டுப் போடலாம், திறப்பு யாரிடம் என்பதை அந்த ஒழுங்கை ஆட்களே சொல்லட்டும் என்றார். அவர்கள் எதிர்வீட்டு அக்காவைச் சொன்னார்கள். அப்பம் சுட்டு விற்கிறவர், விடிய நாலரைக்கே எழும்புகிறவர், சைவக்காரர். காலை ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஏழிலிருந்து எட்டு. வீட்டுக்குப் பத்து லீற்றர். கைக்குழந்தை இருந்தால் இருபது. எழுதி வைப்பதில்லை, அக்காவுக்கு எல்லோரையும் தெரியும்.

முதலில் அமுக்கினால் ஓடி, விட்டால் நிற்கிற பைப் போட்டோம். இரண்டு கிழமையில் இரண்டு தரம் உடைந்தது. இப்போது சாதாரணப் பித்தளைப் பைப், மேலே பூட்டும் கம்பிக் கூடு. ஜனவரி 11இலிருந்து ஒரு பிரச்சினையும் இல்லை. லொறிக்காரர் யாரும் வரவில்லை.

இனி கணக்கு. சீமெந்து பத்துப் பை 21,500. மணல் 11,000. சல்லி 4,500. கம்பி 12,000. வலை, கட்டுக்கம்பி 9,000. நானாவுக்கு 20,000, திருத்த வந்த நாளுக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார். திருத்தச் சாமான் 6,500. தாங்கி மட்டும் 84,500 ரூபா. பீலி, குழாய்கள், பந்து 24,000. மதிலுக்கு வெளியே கொண்டுபோனது 7,800. எல்லாம் 116,300. தவக்கால உண்டியல் 62,000. பழைய பேப்பர், போத்தல் விற்றது 9,300. மிச்சத்தை இலண்டனில் இருக்கும் எங்கள் பங்குக் குடும்பம் ஒன்று அனுப்பியது.

பாதிக் காசில் முடியும் என்று சொன்னேன் அல்லவா. பிளாஸ்டிக் 82,000. அதற்கும் அடித்தளம் வேண்டும் என்பதால் ஏறக்குறைய சமன். சீமெந்துத் தாங்கியில் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது என்று ஆச்சி சொல்கிறார். நானும் அதையே கூட்டத்தில் சொன்னேன், வேறு என்ன சொல்ல.

தண்ணீர்க் கணக்கிலும் ஒரு அடி வாங்கினேன். எங்களுக்கு வருடத்துக்கு 1,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அந்தக் கூரைக்கு 90,000 லீற்றர். ஆனால் பெரும்பகுதி அக்டோபர் முதல் ஜனவரிக்குள். தாங்கி 5,000 லீற்றர், ஒரு நாளைக்கு 200 போகிறது, 25 நாளில் தரை தெரியும். ஜனவரிக் கடைசி மழையோடு நிரம்பியது பெப்ரவரி 23இல் முடிந்தது. உவர் ஏறும் மாதங்களுக்கு மழை எட்டவில்லை. தாங்கி காய்ந்தால் திரும்பவும் கீறும் என்ற பயத்தில், அவசரத்துக்கு ஒரு பவுசர் (தாங்கி லொறி) தண்ணீர் 5,000 லீற்றரும் 6,500 ரூபாவுக்கு வாங்கி ஊற்றினேன். இரவு கணக்கு எழுதும்போதுதான் பார்த்தேன்: 20 லீற்றர் 26 ரூபா. அந்த வீடுகள் தனித்தனியாக 60 கொடுக்கிற அதே தண்ணீர். ஒரு பவுசரை மொத்தமாகப் பிடித்து வைக்க ஒருவரிடமும் இடம் இருக்கவில்லை, இப்போது இருக்கிறது. இந்தத் தவக்கால உண்டியலைப் பவுசருக்கு என்று எழுதி வைத்திருக்கிறோம்.

அடுத்த தாங்கிக்கு அடித்தளம் 60 சென்ரிமீற்றர், நானா சொல்லாமலே. பூச்சு வேலை செப்டெம்பரில், மடுவுக்குப் போய் வந்த பிறகு. மண்டபத்தின் மற்றப் பக்கக் கூரை இன்னும் சும்மா கானுக்குள்தான் ஊற்றுகிறது. அதற்கு முன், சிவப்புப் பந்து வெயிலில் ஒரு பக்கம் நெளிந்துபோய்விட்டது. திருவிழாக் கடைகள் வந்ததும் இரண்டு வாங்கி வைக்க வேண்டும்.